மூக்குகளின் தர உறுதி மையம்

வெளிநாடு போக வேண்டுமென்றால் ஓசூர்க்காரர்கள் டவுன் பஸ்ஸில் ஜூஜுவாடி வரை போனால் போதும். அங்கே நெடுஞ்சாலைக்குக் குறுக்கே ஒரு கோடு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோலுக்கு வேறு விலை, பிராந்திக்கு வேறு லேபிள், போலீஸ்காரருக்கு வேறு தொப்பி. கொரோனா வந்த பிறகு மூக்குக்கும் வேறு சட்டம் வந்தது. இந்தப் பக்கத்து மூக்குச் சான்றிதழை அந்தப் பக்கம் ஏற்கவில்லை. அந்தப் பக்கத்துச் சான்றிதழ் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டும். போவதற்குச் சான்றிதழ் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்ப்பதற்காகக் கோட்டின் மேலேயே ஒரு பழைய லாரி செட்டைப் பிடித்து ‘எல்லைத் தர உறுதி மையம்’ என்று பலகை மாட்டினார்கள். இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்ட ஒரே மையம் அது. திறப்பு விழாவில் ரிப்பனை எந்தப் பக்கத்துக்காரர் வெட்டுவது என்று சிறிய கருத்து வேறுபாடு ஏற்பட்டது. கத்தரிக்கோலைப் பிறகு ஒரு ஒன்றியச் செயலாளரின் தொடையிலிருந்து எடுத்தார்கள். மற்றபடி விழா இனிதே நடந்தது.

மூக்கண்டப்பள்ளி பாக்கியராஜும் அவர் மனைவி அன்னமேரியும் அந்த மையத்துக்கு வந்தது கப்பல் ஏறுவதற்காக. உல்லாசக் கப்பல். மங்களூரில் புறப்பட்டுத் தீவுகளைச் சுற்றிக்காட்டும். இருவருக்கும் உல்லாசம் பழக்கமில்லை. பாக்கியராஜ் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை மிஷினுக்குள் வைப்பார், மிஷின் இடிக்கும், எடுப்பார். அவர்களுடைய ஒரே மகள் லிபியா அந்தக் கப்பலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை செய்தாள். கொரோனாவைக் காரணம் காட்டி ஊழியர்களைக் கரையில் இறக்காமலே கப்பல்காரர்கள் ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். கரைக்கு அவள் வர முடியாது. ஆனால் பெற்றோர் பயணிகளாக ஏறி அவளைப் பார்க்கலாம் என்று கம்பெனி பெரிய மனது பண்ணியிருந்தது. இந்தப் பயணத்தோடு கப்பல் வேறு கடலுக்குப் போகிறது. எப்போது திரும்பும் என்று தெரியாது.

போன வாரம் லிபியா போனில் அம்மாவிடம் ஒன்று கேட்டாள்: “ராத்திரில கடல் தண்ணி ரொம்ப ஜில்லுனு இருக்கும்லம்மா?”

அன்னமேரி அன்றிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

கப்பல்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஏறுகிற மாநிலம் ஏற்றுக்கொண்ட மையத்தின் சான்றிதழ். ஆகவே இருவரும் பையைத் தூக்கிக்கொண்டு ஜூஜுவாடிக்கு வந்தார்கள்.

மையத்தின் தலைவர் டாக்டர் ஆஞ்சப்பன். அவர் வைத்தியர் இல்லை. பிஸ்டன் வளையத்தின் வழவழப்பைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் மனைவி வார்த்த தோசைகளை ஸ்கேல் வைத்து அளந்ததால், வெளியே ஏதாவது வேலை தேடிக்கொள்ளும்படி குடும்பத்தார் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். மையம் அவருக்குக் கிடைத்தது அப்படித்தான்.

அவர் ஒரு மேடை மேல் நின்று மைக்கில் விளக்கிக்கொண்டிருந்தார்.

“எல்லாரோட மூக்குலயும் குச்சி விடறதுன்றது படிக்காதவன் பண்ற வேலை. ஒரு லட்சம் வாஷர் வந்தா ஒவ்வொண்ணயுமா அளக்கறோம்? லாட் போடுவோம். லாட்டுக்கு ஒரு சாம்பிள் எடுப்போம். சாம்பிள் ஓகேன்னா லாட் ஓகே. சாம்பிள் ரிஜெக்ட்னா லாட் ரிஜெக்ட். இங்க இருபது பேர் ஒரு லாட். ஒரு மூக்கு. மனுஷனைப் பொருளாப் பார்க்கறோம்னு சிலபேர் பேப்பர்ல எழுதறாங்க. நான் அப்படிப் பார்க்கவே மாட்டேன். பொருளுக்கு ஒரு ஒழுங்கு இருக்குது.”

ரிஜெக்ட் ஆன லாட்டைப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அடைத்தார்கள். அதற்கு ‘ரீவொர்க் பகுதி’, அதாவது பழுதைத் திருத்தும் இடம், என்று பெயர். உள்ளே இருந்தவர்கள் தகரத்தை உதைத்துக்கொண்டே இருந்தார்கள். மைக்கின் சத்தம் அதைவிடப் பெரியதாக இருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள்.

பாக்கியராஜுக்கு முன்னால் இருந்த லாட்டில் ஒரு பையன் தும்மினான். நெடுஞ்சாலைப் புழுதிக்கு யாருக்கும் வரும் தும்மல்தான். பக்கத்தில் நின்ற வங்கி மேனேஜர் மாதிரி இருந்தவர் முதலில் தன் கைப்பையால் அவன் காதில் அடித்தார். பிறகு பத்தொன்பது பேரும் அடித்தார்கள். சுத்தமாக உடுத்திய, படித்த, ஏர்போர்ட்டுக்குப் போகிற மனிதர்கள். ஒரு பெண்மணி கைக்குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்து இரண்டு உதை உதைத்து, மறுபடி குழந்தையை வாங்கிக்கொண்டார். பையனை வரிசைக்கு வெளியே உருட்டிவிட்டதும் லாட் தன் மாஸ்க்குகளைச் சரி செய்துகொண்டு நேராக நின்றது.

பாக்கியராஜ் மேடைக்கு அருகில் போய், “சார், அந்தத் தம்பிக்கு வாயில ரத்தம் வருதுங்க” என்றார்.

“ரத்தம் எங்க ஸ்கோப்ல இல்லைங்க. நாங்க சளி மட்டும்தான்” என்றார் ஆஞ்சப்பன் மரியாதையாக. பிறகு மைக்கில் சொன்னார்: “எல்லாரும் கவனிச்சிருப்பீங்க. எங்க ஸ்டாஃப் ஒருத்தர் கூட கை வைக்கல. தொடக்கூடாதுன்றது புரோட்டோகால். லாட்டே தன்னைச் சுத்தம் பண்ணிக்குது. முப்பது வருஷம் ஃபேக்டரில நான் கனவு கண்டது இதைத்தான். பீஸே பீஸை செக் பண்ணணும்.”

அன்னமேரி கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள். “என்னாங்க, நாம போயிரலாமா?”

“போயிட்டா புள்ளைய யாரு பாக்கறது?”

அவள் கையை விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் மாதேஷ் அடுத்த இருபது பேரை ஒரு நீண்ட கம்பால் ஒதுக்கினான். அவனுக்கு முன்பு பெங்களூரில் ஒரு பாரில் வேலை. யாரையும் தொடாமல் விரட்டுவது அவனுக்குப் பழகிய கலை. அந்த இருபதில் பாக்கியராஜும் அன்னமேரியும் வந்தார்கள். ரோஜாக் கட்டுகளோடு பெங்களூர் மார்க்கெட்டுக்குப் புறப்பட்ட வெங்கடப்பன் வந்தார். காய்கறி மண்டி வைத்திருக்கும் நாராயணம்மா வந்தார். நாராயணம்மா தெலுங்கிலும் கன்னடத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் சண்டை போடக்கூடியவர். வந்த உடனே லாட்டுக்குத் தலைமை ஏற்றார். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாரும் மறுக்கவும் இல்லை.

“ஏமய்யா, நீ கம்பெனி ஆளு மாதிரி கீற. இவனுங்க எந்த மூக்கை எடுப்பானுங்க?” என்று பாக்கியராஜைக் கேட்டார்.

பாக்கியராஜ் வாழ்நாளில் முதன்முறையாகத் தனக்குத் தெரிந்த ஒன்றைப் பத்துப் பேர் கேட்கும்படி சொன்னார். “இன்ஸ்பெக்டர் எப்பவும் ட்ரேல மேல இருக்கற பீஸைத்தாங்க எடுப்பாரு. குனிஞ்சு அடியில இருந்து எடுக்க மாட்டாரு. அதனால நாங்க நல்ல பீஸை மேல வெப்போம்.”

இது ஓசூரில் எல்லா ஷாப்பிலும் எல்லோருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் தெரியும். அவரும் ஒரு காலத்தில் அடுக்கியவர்தான். நாட்டின் வாகனங்கள் இந்தப் பரஸ்பர மரியாதையில்தான் ஓடுகின்றன.

“அப்போ முன்னாடி நிக்கறவன்தான் சாம்பிளு” என்றார் நாராயணம்மா. “யாரு நல்ல பீஸு?”

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியை அவரே உடனே வகுத்தார். ஒவ்வொருவரின் நெஞ்சிலும் முஷ்டியால் ஒரு குத்து. இருமினால் பின் வரிசை. முதல் குத்து வெங்கடப்பனுக்கு விழுந்தது. அவர் இருமவில்லை, ஆனால் ரோஜாக் கட்டின் மேல் உட்கார்ந்து முள் ஏறி எழுந்தார். ஒரு சாஃப்ட்வேர் இளைஞன் இருமி, அழுது, மறுபடி இருமினான். அவனை இரண்டு பேர் பின்னால் தூக்கி எறிந்தார்கள். ஒரு பெரியவர் குத்து வாங்குவதற்கு முன்பே இருமிவிட்டு, அது பயத்தில் வந்த இருமல் என்று மனுப் போட்டார். மனு தள்ளுபடியானது. ஒரு விலா எலும்பும் போனது.

முஷ்டி அன்னமேரியை நெருங்கியதும் பாக்கியராஜ் குறுக்கே புகுந்தார். மனைவியைக் காப்பாற்றுவதாகத்தான் அவர் நினைத்தார்.

“அவளை அடிக்காதீங்க. அவளுக்குப் போன மாசமே கொரோனா வந்து போயிருச்சு. ரீவொர்க் ஆன பீஸுங்க. ஒரு தடவ ரீவொர்க் ஆயி வந்த பீஸுல மறுபடி ஃபால்ட்டே வராது. எங்க ஷாப்புல கேட்டுப் பாருங்க.”

லாட் முழுக்க மரியாதையாக அன்னமேரியைப் பார்த்தது.

“என்னையப் போயி பீஸுன்றீங்களே” என்றாள் அவள்.

“நல்ல பீஸுன்னுதான சொன்னேன் மேரி.”

அவளை முன் வரிசையில் நடுவில் நிறுத்தினார்கள். நாராயணம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துப் பொட்டில்லாத நெற்றியில் விழுந்த முடியை நேராக்கினார். மாதேஷ் வந்தான். எட்டிப் பார்த்தான். குனியவில்லை. கைக்கு எட்டிய அன்னமேரியை நோக்கிக் கம்பை நீட்டினான்.

குச்சி போடும் வேலை வினோதா என்ற பெண்ணுடையது. காலையிலிருந்து மூக்குகளைக் குத்திக் குத்தி அவளுக்கு மனித முகம் என்பதே மறந்துபோயிருந்தது. குச்சி உள்ளே போனது. போனது. இன்னும் போனது. அன்னமேரியின் கண்ணிலிருந்து தண்ணீரும் மூக்கிலிருந்து ரத்தமும் வந்தன. வினோதா மூளையைக் கலைக்காமல் திரும்பி வந்தாள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

மிஷின் கொஞ்ச நேரம் முனகிவிட்டுச் சிவப்பு விளக்கு போட்டது.

“லாட் ரிஜெக்ட்” என்றார் ஆஞ்சப்பன்.

வினோதா மெதுவாக, “சார், போன மாசம் வந்தவங்களாம். செத்த கிருமியா இருந்தாலும் மிஷின் காட்டும் சார்” என்றாள்.

“செத்ததா உயிரோட இருக்குதான்னு பாக்கறது நம்ம வேலை இல்லம்மா. இருக்குதா இல்லையா, அவ்ளோதான். லாட்டுக்கு ஒரு வாய்ப்பு தரேன். பழுதான பீஸைப் பிரிச்சு வெளிய போட்டுட்டு மறுபடி சாம்பிள் குடுக்கலாம். பிரிக்கறதை நீங்களேதான் பண்ணணும். எங்க கை சுத்தம்.” சொல்லிவிட்டு உள்ளங்கையில் சானிட்டைசர் பிதுக்கித் தேய்த்துக்கொண்டார்.

லாட் பிரிக்கத் தொடங்கியது.

சற்று முன் அன்னமேரியின் முகத்தைத் துடைத்த நாராயணம்மா அதே முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, தொற்றாமல் இருக்கும்படி, அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேர் அவள் காலை வாரினார்கள். “ரீவொர்க்கா சொன்ன? ரீவொர்க்கா?” என்று கேட்டபடி வெங்கடப்பன் பாக்கியராஜின் மூக்கில் தலையால் முட்டினார். நல்ல தேங்காய் உடைவது போன்ற சத்தம். வெங்கடப்பன் கெட்ட மனிதர் இல்லை. அவருடைய ரோஜாக்கள் மதியத்துக்குள் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும், அவ்வளவுதான்.

பாக்கியராஜ் யாரையும் அடித்ததில்லை. எப்படி அடிப்பது என்றும் தெரியவில்லை. ஆகவே தகட்டை எடுப்பதுபோல வெங்கடப்பனின் காதை எடுக்கப் பார்த்தார். அது பாதிதான் வந்தது. யாரோ அவர் முதுகில் ஏறி நின்றார்கள். இன்னொருவர் அவர் விரல்களின் மேல் சூட்கேஸை உருட்டினார். சூட்கேஸில் ‘மகிழ்ச்சியான பயணம்’ என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது.

தரையில் கிடந்த அன்னமேரி தன் பையைக் கயிறோடு சுழற்றினாள். முதல் சுற்றில் நாராயணம்மாவின் முன் பல் போனது. இரண்டாவது சுற்றில் பை கிழிந்தது. மகளுக்காக வறுத்து இடித்து எடுத்து வந்த மிளகாய்ப் பொடி, உறைத்தால்தான் பிள்ளைக்குச் சோறு இறங்கும் என்று காரம் கூட்டி இடித்தது, மேலே பறந்தது. நெடுஞ்சாலைக் காற்று அதை வாங்கிச் செட்டு முழுக்கப் பகிர்ந்து கொடுத்தது.

இருபது பேரும் தும்மினார்கள். பக்கத்து லாட் தும்மியது. அதற்குப் பக்கத்து லாட் தும்மியது. தும்மியவனை அடிப்பது விதி என்பதால், தும்மிக்கொண்டே எல்லோரும் தும்மியவர்களை அடித்தார்கள். வங்கி மேனேஜர் மாதிரி இருந்தவரை அவருடைய கைப்பையாலேயே அடித்தார்கள். கைக்குழந்தை தும்மியது, அதைச் சுற்றி ஒரு கணம் எல்லோரும் தயங்கி நின்றார்கள். பிறகு அதன் அப்பாவை அடித்தார்கள்.

ஆஞ்சப்பன் மைக்கைப் பிடித்தார். “யாரும் பதற வேண்டாம். இதுக்கும் புரோட்டோகால்...” என்று ஆரம்பித்து, மைக்கிலேயே தும்மினார். ஒலிபெருக்கி அதைக் கோட்டின் இரண்டு பக்கத்துக்கும் எடுத்துச் சென்றது.

மாதேஷ் அவரைப் பார்த்தான். வினோதாவும் மற்ற ஊழியர்களும் பார்த்தார்கள்.

“சார், ஸ்டாஃபும் ஒரு லாட்டுதானே சார்?” என்று மாதேஷ் கேட்டான். பணிவாகத்தான் கேட்டான்.

“ஏய், மாதேஷா. பேடா, வேண்டாம்டா. இது மிளகாய்டா. இது...”

மறுபடி தும்மினார். அந்த மையத்தில் வேலை செய்தவர்கள் நன்கு பயிற்சி பெற்றவர்கள். அவரை மேடையிலிருந்து பிரித்தார்கள். கம்பால் ஆரம்பித்து, நாற்காலிக்கு முன்னேறி, ‘தரமே தெய்வம்’ என்று எழுதிய பலகையில் முடித்தார்கள். வினோதா மட்டும் அடிக்கவில்லை. ஒரு குச்சியை உறை பிரித்து எடுத்து, அவர் மூக்கில், போகிற வரைக்கும் விட்டாள்.

பொடி அடங்கியபோது செட்டில் நின்றுகொண்டிருந்தவர்கள் குறைவு. முனகல் ஒன்றுதான் கேட்டது. தகரக் கொட்டகைக்குள் இருந்தவர்கள் கூட உதைப்பதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள்.

பாக்கியராஜ் தவழ்ந்து போய் மனைவியைத் தூக்கி உட்கார வைத்தார். அவள் தலையில் ஒரு பக்கம் முடி இல்லை.

“மணி என்னாங்க ஆவுது?” என்றாள் அவள். “மங்களூர் பஸ்ஸு போயிருமே.”

பாக்கியராஜ் எழுந்தார். மேடைக்குக் கீழே கிடந்த ஆஞ்சப்பனிடம் போனார். மூக்கில் குச்சியோடு அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார். டீவியேஷன் போடலாம்ல சார்?”

ஆஞ்சப்பனின் கண்ணில் வெளிச்சம் வந்தது. “யாருய்யா நீ?”

“பிரஸ் ஷாப்பு சார். லாட் ரிஜெக்ட் ஆயிரும். ஆனா கஸ்டமருக்கு அவசரம்னா, விலகல் அனுமதின்னு ஒரு கையெழுத்து போட்டு அதே ரிஜெக்ட்டை வண்டில ஏத்துவோம்ல சார்.”

“டீவியேஷன்” என்றார் ஆஞ்சப்பன், வெகுநாள் பிரிந்த உறவினரை வரவேற்பதுபோல. “என் சர்வீஸ்ல டீவியேஷன் இல்லாம ஒரு லாரி வெளிய போனதில்லய்யா. தரம்னா என்னான்னு நினைச்ச? தடுக்கறது பாதி. தடுத்ததை அனுப்பறது மீதி. ரிஜெக்ட் பண்ணாதான் டீவியேஷன் கேட்பான். டீவியேஷன் கேட்டாதான் நாம யாருன்னு தெரியும். சீலு ரெண்டையும் கொண்டா.”

வினோதா சான்றிதழை எடுத்து வந்தாள். ‘அன்னமேரி. முடிவு: உள்ளது. விலகல் அனுமதியின்படி ஏற்கப்பட்டது.’ ஆஞ்சப்பன் ஒடியாத கையால் கையெழுத்துப் போட்டார். இரண்டு பக்கத்துச் சீலும் விழுந்தது.

“எனக்கும் சார்” என்றார் பாக்கியராஜ்.

“உனக்கு டெஸ்ட்டே ஆகலையேய்யா.”

“நானும் அதே லாட்டுதானே சார்.”

“லாட் எங்க இருக்குது இப்போ? பாதிப் பேர் படுத்துக் கிடக்கறான். உன் கேஸு தனி. டீவியேஷன் ரிஜெக்ட் ஆன பீஸுக்குத்தான் குடுக்க முடியும். நீ ரிஜெக்ட்டே ஆகல. நல்ல பீஸுக்கு எப்படிய்யா விலகல் குடுக்கறது? நாளைக்கு ஆடிட்ல என்னைக் கேட்பான்.”

“அப்ப எனக்கும் குச்சி போடுங்க. இல்லைனு வந்தா ஓகே, இருக்குனு வந்தா டீவியேஷன்.”

வினோதா அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெங்கடப்பனின் தலை நன்றாக வேலை செய்திருந்தது. மூக்கு இருந்த இடத்தில் நீலமாக ஒரு வீக்கம் இருந்தது. இரண்டு துவாரமும் மூடிக்கொண்டிருந்தன. குச்சியை வைத்தாள். போகவில்லை. கொஞ்சம் அழுத்தினாள். பாக்கியராஜ் அலறினார். தன் கையில் ஒரு மனிதன் அலறுவது அவளுக்கு அன்று முதல் தடவையாகக் காதில் விழுந்திருக்க வேண்டும்.

“ஓட்டையே இல்லைண்ணா” என்றாள். “வீக்கம் வடியணும்.”

“அப்ப நீ ஹோல்ட். ஓகேயும் இல்ல, ரிஜெக்ட்டும் இல்ல” என்றார் ஆஞ்சப்பன். சொல்லிவிட்டு நிம்மதியாக மயங்கினார்.

அன்னமேரி சான்றிதழை வாங்க மாட்டேன் என்றாள். “நீங்க இல்லாம நான் எங்க போவேன்? எனக்குக் கன்னடமும் வராது, கடலும் தெரியாது.”

“புள்ள அங்க தண்ணியப் பாத்துனு நிக்குது மேரி. ஏறு.”

அவள் முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து, முடி போன பக்கத்தை மறைத்துக்கொண்டாள். சான்றிதழை இரவிக்கைக்குள் வைத்தாள். படுத்துக் கிடந்தவர்களைத் தாண்டிக் கோட்டைக் கடந்தாள். அந்தப் பக்கம் வேறு தொப்பி போட்ட போலீஸ்காரர் சான்றிதழை வாங்கி, சீல்களை மட்டும் பார்த்து, சல்யூட் மாதிரி ஒன்று அடித்து வழிவிட்டார். அத்திப்பள்ளி பக்கமாகப் போகிற பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது.

கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற பாக்கியராஜின் சட்டைப் பையில் போன் அடித்தது. திரை உடைந்திருந்தது, குரல் வந்தது. லிபியா.

“அப்பா, உங்க டெஸ்ட் என்னாச்சுப்பா? நாளைக்கு ஏறிருவீங்களா? யாருக்கும் ஒண்ணும் இல்லைதானே?”

பாக்கியராஜ் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, பஸ் மறைகிற வரைக்கும் காத்திருந்து பதில் சொன்னார்.

“உங்கம்மாவுக்கு இருக்குது கண்ணு, அதனால வர்றா. எனக்கு ஒண்ணும் இல்ல, அதனால நான் வர முடியாது.”